ஊதுகிறவனுக்கு யார் எழுதுவது?

ஒரு நாள் மாலை புதுச்சேரிக் கடற்கரையில் நானும் என் நண்பர் ஒருவரும் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளிச் சிவப்புத் தொப்பிக்காரர்களின் பாண்டு வாசித்துக்கொண்டிருந்தது. முதலில் நடைக்கேற்ற மெட்டு ஒன்று. அதன் பிறகு பழைய சினிமாப் பாட்டு. நன்றாகவே வாசித்தார்கள். குழந்தைகள் கூடிவிட்டன. பலூன்காரன்கூட வியாபாரத்தை மறந்து நின்றான். நான் ரசித்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நண்பர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாங்க ஸார், போகலாம். பாண்டுதானே!"

நண்பர் சாதாரண மனிதர் அல்ல. மார்கழி பிறந்தால் சென்னைக்கு ரயிலேறிவிடுவார். சபா சபாவாகக் கச்சேரி கேட்பார். எந்த வித்வான் எந்த ராகத்தில் எந்த இடத்தில் தடுமாறினார் என்று தேதியோடு சொல்லக்கூடியவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வந்த அந்த "தானே" என்னைச் சுட்டுவிட்டது. அன்று அவரோடு ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. வாசக அன்பர்களையும் அதில் இழுத்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதுச்சேரியில் காற்று வாத்தியம் கேட்காத தெரு கிடையாது. ஊரின் நடுவே ஓடும் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பட்டணம். மேற்கே தமிழர் பட்டணம். அந்தப் பக்கம் பாண்டு; இந்தப் பக்கம் நாயனம். 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டில் அது சட்டப்படி முடிந்தது. கவர்னர்கள் கப்பலேறிவிட்டாலும் பாண்டு கப்பலேறவில்லை. ஜூலை 13-ஆம் தேதி இரவு விளக்கு ஊர்வலம் போவதையும், மறுநாள் போர் நினைவுச் சின்னத்தில் இரண்டு தேசிய கீதங்களும் ஒலிப்பதையும் நாம் இப்போதும் கேட்கிறோம். வில்லியனூரில் தேர் அசைய வேண்டுமானால் நாயனம் முழங்கியாக வேண்டும்.

இத்தனை இருந்தும், "காற்று வாத்தியத்தைக் கச்சேரியாக உட்கார்ந்து கேட்டது எப்போது?" என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. கல்யாணத்தில் கேட்டேன் என்பார்கள். அங்கேயும் எப்படிக் கேட்டார்கள்? "கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்று விரலை ஆட்டிய நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நாயனக்காரரின் மூச்சு நம் பேச்சுக்குப் பின்னணி. அவர் கல்யாணியை ஆலாபனை செய்துகொண்டிருப்பார்; நாம் காப்பி இன்னும் வரவில்லை என்று கத்திக்கொண்டிருப்போம்.

நண்பரின் வாதம் இது: "ஸார், வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் கலை. ஊதுகிற வாத்தியமெல்லாம் சடங்கு. வாசலில் வாசிப்பது வாசலுக்கு. கூடத்தில் வாசிப்பது கூடத்துக்கு."

இந்த வாதத்தை ஒரு மனிதர் தன் வாழ்நாள் முழுவதும் எதிர்த்து நின்றார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைதான் அவர். 1898-ல் பிறந்தவர். முதலில் வாய்ப்பாட்டுப் பயின்று, பிறகு நாயனத்தைக் கையில் எடுத்தவர். அந்தக் காலத்தில் நாயனக்காரர் தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாசித்தாலே பெரிய மனிதர்களுக்குக் கண் உறுத்தும். துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். ராஜரத்தினம் கிராப்பு வெட்டிக்கொண்டார், கோட்டு மாட்டிக்கொண்டார், மேடையில் சரிசமமாக உட்கார்ந்து வாசித்தார். உரத்த சுருதியுள்ள திமிரி நாயனம் வீதிக்கு ஏற்றது. கச்சேரி மேடைக்கு அது போதாது என்று கண்டு, சுருதி தாழ்ந்த, நீளமான பாரி நாயனத்தை நிலைநாட்டினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அதைக் கடைந்து கொடுத்தார். அந்த ஊர் நாயனத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

அவருடைய தோடியைக் கேட்டவர்கள் அதற்குப் பிறகு நாயனத்தைச் சடங்கு என்று சொல்ல வாய் கூசினார்கள். 1947-ல் சுதந்திர விழாவையொட்டி டில்லியில் ஒலித்ததும் அவர் நாயனந்தான். 1956 டிசம்பரில் அவர் காலமானார்.

நண்பர் சும்மா இருப்பாரா? "பார்த்தீர்களா! மேதை ஒருவர் வந்தார், உலகம் மதித்தது. இன்னொரு மேதை வரட்டும், அப்போதும் மதிப்போம்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. நாம் மதித்தது நாயனத்தை அல்ல, ராஜரத்தினத்தை. அவர் போனதும் நாயனம் பழையபடி வாசலுக்கே திரும்பிவிட்டது. ஒரு கலை உயிரோடிருக்கிறதா என்பதற்கு மேதை அத்தாட்சி அல்ல. மேதை எந்தக் காட்டிலும் முளைப்பான். நான்கு கிராமங்களுக்கு நடுவே ஒரு சாதாரண நாயனக்காரர் இருக்கிறாரே, அவர் கையில் இன்றைக்கு வாசிக்க என்ன இருக்கிறது? அதைக் கேட்டால்தான் கலையின் ஆரோக்கியம் தெரியும்.

நான் கேட்டேன். வில்லியனூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். அறுபது வயதுக்கு மேலிருக்கும். அவர் சொன்னார்: "மல்லாரி மூணு தெரியும். கீர்த்தனை ஒரு இருபது தேறும். அதுவும் பாடறவங்க பாடறதுதான். கல்யாணத்துல கேக்கறது சினிமாப் பாட்டு, அதையும் வாசிக்கறேன். புதுசா எழுதிக் குடுத்தா மாட்டேன்னா சொல்லப் போறேன்? யாருங்க குடுத்தாங்க?"

யார் கொடுத்தார்கள்? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நம் சங்கீத சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தேன். நம் சாகித்திய கர்த்தாக்கள் பெரும்பாலும் தொண்டைக்காக எழுதினார்கள். நாயனம் அதை இரவல் வாங்கி வாசித்தது. நாயனத்துக்கே சொந்தமென்று மல்லாரி உண்டு. சுவாமி புறப்பாட்டுக்கும் தேருக்கும் கம்பீர நாட்டையில், வார்த்தை எதுவுமில்லாமல், காலம் மாற்றி மாற்றி வாசிப்பார்களே, அது. எவ்வளவு கம்பீரமான சொத்து! ஆனால் முப்பாட்டன் வைத்துப்போன சொத்து. நாம் ஒரு காணி நிலம்கூட அதோடு சேர்க்கவில்லை.

பாண்டின் கதை இன்னும் வேடிக்கை. முத்துஸ்வாமி தீட்சிதர் சிறு வயதில் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தார். கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாசிப்பதைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு ஸமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். முப்பதுக்கும் மேற்பட்ட நோட்டு ஸ்வர சாகித்தியங்கள் அப்படிப் பிறந்தன. அவற்றில் ஒன்று இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டிலேயே அமைந்தது. இன்று பாட்டு வகுப்பில் சேரும் குழந்தைகளுக்கு ஆரம்பத்திலேயே அவற்றைச் சொல்லித் தருகிறார்கள். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர் "பாண்டுதானே" என்று சொல்லவில்லை என்பதை என் நண்பர் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அங்கேயும் நடந்தது என்ன? பாண்டிலிருந்து மெட்டை வாங்கினோம், தொண்டைக்குக் கொடுத்தோம். பாண்டுக்கு எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. தஞ்சையில் சரபோஜி மன்னர் அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியங்களோடு பாண்டு வைத்திருந்தார். அந்த வழியாக வந்த கிளாரினெட் சதிர் மேளத்தில் புகுந்தது, பிறகு ஏ. கே. சி. நடராஜன் கையில் கச்சேரி வாத்தியமாகவே ஆயிற்று. 2008-ல் அவருக்கு சங்கீத கலாநிதி விருது கிடைத்தபோது நாமெல்லாம் சந்தோஷப்பட்டோம். வாத்தியங்களை வரவேற்பதில் நமக்குக் கஞ்சத்தனம் இல்லை. அவற்றுக்கென்று எழுதுவதில்தான் கஞ்சத்தனம்.

இனி நண்பர்கள் கொஞ்சம் என்னோடு கடல் தாண்டி வர வேண்டும். எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

இங்கிலாந்தில் பாண்டு யாருடைய சங்கீதம் தெரியுமா? பிரபுக்களுடையது அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சாலைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் வேலை முடிந்து வந்து ஊதியது. சம்பளத்தில் பிடித்தம் செய்து வாத்தியம் வாங்கியவர்கள் அவர்கள். அங்கேயும் "பாண்டுதானே" என்று மூக்கைச் சுளித்த கனவான்கள் இருந்தார்கள். பாண்டுக்காரர்கள் வாசித்ததும் இரவல்தான்: ஆபரா நாடகங்களில் பிரபலமான பாட்டுகளைக் கோத்துக் கதம்பமாக வாசித்தார்கள். நம் பாண்டு சினிமாப் பாட்டு வாசிப்பதற்கும் அதற்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லை.

மாற்றம் 1913-ல் வந்தது. லண்டன் கிரிஸ்டல் பாலஸில் நடந்த தேசியப் போட்டிக்கு, இரவல் கதம்பத்தை விட்டுவிட்டு, பித்தளை வாத்திய பாண்டுக்கென்றே புதிதாக ஒரு படைப்பை எழுதச் சொன்னார்கள். பெர்ஸி ஃபிளெட்சர் என்பவர் எழுதினார். "உழைப்பும் அன்பும்" என்று அதற்குப் பெயர். உழைப்பாளிகள் வாசிக்கப்போகும் சங்கீதத்துக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்! கதவு திறந்துவிட்டது. 1928-ல் கஸ்டவ் ஹோல்ஸ்ட் எழுதினார். 1930-ல், நாடே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய எட்வர்ட் எல்கார் எழுதினார். சுரங்கத்திலிருந்து கரி படிந்த கையோடு வந்தவன், எல்கார் தனக்காக எழுதியதைப் பிரித்து வைத்து ஊதினான். அதற்குப் பிறகு "பாண்டுதானே" என்று சொல்வது கஷ்டமாகிவிட்டது.

அந்த வழியில் வந்த ஒருவரைச் சொல்கிறேன். பிலிப் ஸ்பார்க் என்று பெயர். 1951-ல் லண்டனில் பிறந்தவர். ராயல் சங்கீதக் கல்லூரியில் இசையமைப்பும் டிரம்பெட்டும் பியானோவும் படித்தார். படிக்கும்போதே மாணவர்களைச் சேர்த்து ஒரு பாண்டு அமைத்து அதற்கு எழுத ஆரம்பித்தார். இளைஞன் ஒருவன் சங்கீதம் எழுத வந்தால் சிம்பொனி எழுதிப் பேர் வாங்க வேண்டும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இவர் பாண்டைப் பிடித்துக்கொண்டார். இன்றுவரை விடவில்லை.

தெற்கு வேல்ஸில் ராண்டா என்ற நிலக்கரிப் பள்ளத்தாக்கில் கோரி பாண்டு என்று ஒன்று இருக்கிறது. 1884-ல் மதுவிலக்குச் சங்கத்தார் பாண்டாகத் தொடங்கியது அது. குடிப்பதற்குப் பதிலாக ஊதச் சொன்னார்கள்! அதன் நூறாவது ஆண்டுக்கு, 1984-ல், ஸ்பார்க் ஒரு படைப்பு எழுதிக் கொடுத்தார். வேல்ஸ் நாட்டுக் கொடியில் இருக்கும் டிராகனை வைத்து "டிராகன் வருஷம்" என்று பெயர் வைத்தார். அதே 1984-ல்தான் பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர்கள் மாபெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கரி போயிற்று. பாண்டு இருக்கிறது. பல நாட்டு பாண்டுகள் இன்றும் அந்தப் படைப்பை எடுத்து வாசிக்கின்றன.

அமெரிக்க விமானப்படையின் பாண்டு கேட்டதற்கு அவர் எழுதிய "நடன அசைவுகள்" 1997-ல் ஸட்லர் பரிசு பெற்றது. 2000-ல் சொந்தமாகப் பதிப்பகம் வைத்துத் தம் படைப்புகளைத் தாமே அச்சிட்டு விற்கத் தொடங்கினார். கேளுங்கள், நாவலாசிரியர்களே! பாண்டுக்கு எழுதியே ஒரு மனிதர் பதிப்பகம் நடத்தியிருக்கிறார்.

இவரைப் பற்றி என் மனத்தைத் தொட்ட செய்திகள் இரண்டு. முதலாவது, இவர் யாருக்கு எழுதுகிறார் என்பது. இப்படி எழுதுகிறவர்கள் படித்தரம் பிரித்து எழுதுகிறார்கள். நேற்று வாத்தியம் எடுத்த பள்ளிக்கூடப் பையனுக்கு ஒன்று. வாரம் ஒரு நாள் கூடும் குமாஸ்தாவுக்கும் தபால்காரருக்கும் ஒன்று. தேர்ந்த வித்வான்களுக்கு ஒன்று. சின்ன ஊர் பாண்டில் ஏதோ ஒரு வாத்தியம் இல்லையென்றால், அதன் பகுதியை இன்னொருவர் வாசிக்கும்படி காகிதத்திலேயே குறித்துவைக்கிறார்கள். கலியாணச் சமையலில் பந்திக்கு வராமலிருக்கும் கிழவிக்கும் தனியாக எடுத்துவைக்கும் கைப்பக்குவம் அது.

இரண்டாவது, 2011-ல் ஜப்பானில் பூகம்பமும் ஆழிப்பேரலையும் வந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது இவர் செய்தது. பாண்டுகள் வாசிப்பதற்கு "சூரியன் மீண்டும் உதிப்பான்" என்ற படைப்பை வெளியிட்டார். அதில் தமக்கு வரவேண்டிய வருமானத்தை ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்.

இதைப் படித்த அன்று நான் மறுபடியும் நம் கடற்கரைக்குப் போனேன். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி அதே அலை நமக்கும் வந்தது. பட்டணத்தைக் கற்சுவர் காத்தது. மீனவர் குப்பங்களைக் காக்க சுவர் இல்லை. காரைக்காலில் பட்ட துயரம் சொல்லி முடியாது. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் கடலில் பூவும் பாலும் விடுகிறோம். மூச்சால் அழத் தெரிந்த வாத்தியம் நாயனத்தைப்போல் வேறொன்று உண்டா? அந்த நாளில் வாசிக்க அதன் கையில் என்ன கொடுத்தோம்? முகாரியை எடுத்து வாசிக்க மேதைக்குத் தெரியும். சாதாரண நாயனக்காரர் என்ன செய்வார்? நம் துக்கத்துக்குக்கூட அவர் இரவல்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் நண்பர் தம் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "ஸார், நம் சங்கீதம் வேறே. மனோதர்மந்தான் நமக்கு உயிர். ராஜரத்தினத்தின் தோடியை எவன் எழுதிக் கொடுத்தான்? அவன் மூச்சிலேயே அது பிறந்தது. நீங்கள் நாயனத்தை வெள்ளைக்காரனின் ஐந்து கோட்டுக்குள் அடைக்கப் பார்க்கிறீர்கள்!"

வாதத்தில் உண்மை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ராக ஆலாபனை நொடிக்கு நொடி நடக்கும் படைப்பு. அதை எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது, எழுதவும் கூடாது. ஆனால் அன்பரே, மனோதர்மத்துக்குக் காலூன்ற ஒரு தரை வேண்டாமா? வாய்ப்பாட்டு வித்வானுக்கு மும்மூர்த்திகள் அந்தத் தரையைப் போட்டுக் கொடுத்தார்கள். பரதத்துக்குச் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் போட்டுக் கொடுத்தார்கள். மல்லாரியும் எழுதிவைத்தாற்போல் கட்டப்பட்ட உருப்படிதானே? எழுதிக் கொடுப்பது வெள்ளைக்காரன் வழக்கம் என்று யார் சொன்னது? நாம் அதை மறந்துவிட்டோம் என்பதே நிஜம்.

ராஜரத்தினத்துக்கு எழுதிக் கொடுக்க ஆள் தேவையில்லை. அவருடைய தோடி அவரோடு போய்விட்டது; இசைத்தட்டில் மிஞ்சியது கொஞ்சம். வில்லியனூர்ப் பெரியவருக்குத்தான் எழுதிக் கொடுக்க ஆள் தேவை. அவருக்குப் புதிய உருப்படி ஒன்று கிடைத்தால் அவர் மகனுக்குச் சொல்லிக் கொடுப்பார்; மகன் அடுத்த ஊர்க்காரனுக்குச் சொல்லுவான். சாமானியனின் கையில் நல்ல உருப்படி இருக்கும் ஊரில் மேதையும் சீக்கிரம் பிறப்பான்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்தப் புதுச்சேரியில் இருந்தார். கச்சேரிகளில் அதே நாலைந்து கீர்த்தனைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு அலுத்துப்போனதை "சங்கீத விஷயம்" என்ற கட்டுரையில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், நாயன விஷயத்தில் நாம் அதே இடத்தில் நிற்கிறோம். பாட்டு மேடைக்குப் புதிய தமிழ்ப் பாட்டு வேண்டுமென்று சண்டை போட்டோம், கொஞ்சம் ஜெயித்தும்விட்டோம். அந்தச் சண்டையில் வாசல் திண்ணையை யாரும் நினைக்கவில்லை.

பணம் யார் கொடுப்பது என்று கேட்பீர்கள். கல்யாண மண்டபத்தில் ஒரே இரவில் வாடிப்போகும் பூ அலங்காரத்துக்கு நாம் கொடுப்பதைவிட அதிகம் ஆகாது. பெண்ணின் கல்யாணத்துக்கென்று ஒரு குடும்பம் ஒரே ஒரு புது மல்லாரி எழுதச் சொல்லட்டும். அரைமணி நேரம் பேச்சை நிறுத்தி அதைக் கேட்கட்டும். இன்னார் வீட்டுக் கல்யாண மல்லாரி என்று பேரன் காலத்திலும் வாசிப்பார்கள். பூவுக்கு அந்தப் பெருமை வருமா? அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. சங்கீதம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடற்கரையில் பாண்டு இருக்கிறது. எழுதத் தெரிந்த பையன் ஒருவனையும் ஊதத் தெரிந்த பெரியவர் ஒருவரையும் ஒரு திண்ணையில் உட்காரவைக்க இத்தனை பெரிய ஊரில் நமக்கு முடியாதா?

இதையெல்லாம் நண்பரிடம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அடுத்த தை மாதம் என் பேத்திக்குக் கல்யாணம்" என்றார்.

"சந்தோஷம்" என்றேன்.

"லைட் மியூஸிக்குக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது" என்று மெல்ல இழுத்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவராகவே கேட்டார்: "அந்த வில்லியனூர்ப் பெரியவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது?"